விண்வெளிக்குப் போகாத மகன்

என் அப்பாவுக்கு,

சுகம் கேட்டுத்தான் எந்தக் கடிதத்தையும் தொடங்கிப் பழக்கம். உங்களிடம் இனி அதை எப்படிக் கேட்பது? அதனால் இங்குள்ளவர்களின் சுகத்தைச் சொல்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் நோ கூடியிருக்கிறது, வாய் மட்டும் குறையவில்லை. தங்கச்சி கௌசியின் சின்னவள் எழுந்து நடக்கத் தொடங்கிவிட்டாள். காலபோக நெல் பரவாயில்லை, வெட்டுக்கு முன் பெய்த மழை வாய்க்கால் பக்கத்து வயலைக் கொஞ்சம் சாய்த்துவிட்டது. உங்கள் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினை மருமகன்தான் ஓட்டுகிறார். நீங்கள் பார்த்தால் திட்டுவீர்கள், அப்படி ஓட்டுகிறார்.

ஸ்கந்தபுரத்தில் நம் வீட்டில் இருந்துதான் எழுதுகிறேன். வருகிற கிழமை உங்கள் ஆட்டைத் திவசம், நீங்கள் போய் ஒரு வருடம். நினைவு மலரை அச்சுக்குக் கொடுக்க வேண்டும், மகனுடைய பக்கம் மட்டும்தான் வெறுமையாக இருக்கிறது என்று கௌசி நெருக்குகிறாள். மற்றவர்கள் எழுதியதைப் பார்த்தேன். எல்லோரும் உங்களைத் தெய்வமாக்கி வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்த மொழி வரவில்லை. உங்களோடு கதைக்கத்தான் வருகிறது. ஊர் பக்கத்தில் நின்று கேட்டால் கேட்கட்டும். கேட்க வேண்டியவர்களும் அவர்கள்தான்.

போன கிழமை வரை ஊருக்குத் தெரிந்த கதை ஒன்றுதான். நீங்கள் செத்த அன்று உங்கள் ஒரே மகன் விண்வெளியில் நின்றான், கீழே இறங்க வழியில்லாமல் இருந்தான், பாவம். உங்களுக்கும் எனக்கும் வேறு கதை தெரியும். நான் ஜெர்மனியில் ஒரு கட்டிலில் படுத்திருந்தேன்.

அந்த வீடியோ அழைப்பு உங்களுக்கு நினைவிருக்குமா? பேக்கரி வேலை முடிந்து வந்த கையோடு எடுத்தேன். சின்ன வயதில் இருந்தே எனக்கு இந்த ஆசை இருந்தது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என்னவாக வரப்போகிறாய் என்று கேட்டபோது விண்வெளி வீரன் என்று சொல்லி வகுப்பையே சிரிக்க வைத்தவன் நான். பிறகு இடப்பெயர்வு, முகாம், பயணம். மாவும் போறணை அடுப்புமாக வாழ்க்கை போய்விட்டது. அப்படி இருக்கும்போதுதான் ஒரு ஆராய்ச்சி நிலையம் சுகதேகியான ஆட்களைத் தேடுகிறது என்று அறிந்தேன்.

விண்வெளிக்குப் போகிறவர்களின் உடம்புக்கு என்ன நடக்கும் என்று பூமியில் வைத்தே பார்க்க அவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். தலைப்பக்கம் சற்றுத் தாழ்ந்த கட்டிலில் ஆளைக் கிடத்தி விடுவார்கள். இரத்தமும் நீரும் தலைக்கு ஏறும். முகம் ஊதும், மூக்கு அடைக்கும். காலுக்கு வேலை இல்லாததால் தசை வற்றும், எலும்பின் பலம் குறையும். பாரம் என்பதே இல்லாமல் மேலே மிதக்கிறவனுக்கும் ஏறக்குறைய இதேதான் நடக்கிறது. அதைத் தடுப்பதற்கு என்ன பயிற்சி, என்ன சாப்பாடு என்று எங்களில் பார்த்துத்தான் அவர்களுக்குச் சொல்வார்கள். என்னைப் போன்றவன் விண்வெளிக்குப் போகக்கூடிய ஆகக் கிட்டிய தூரம் அந்தக் கட்டில்தான்.

“ரண்டு மாதம் படுக்க வேணும் அப்பா” என்றேன்.

“சும்மாவோ?”

“சும்மா இல்லை. சாப்பாடு, குளிப்பு, கக்கூசு எல்லாம் படுத்தபடிதான். ஒரு தோள் எப்பவும் மெத்தையில முட்டிக்கொண்டு இருக்க வேணும்.”

நீங்கள் முதலில் அங்குமிங்கும் பார்த்தீர்கள். பிறகு குரலைத் தாழ்த்தினீர்கள். “உதை இஞ்ச ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. வருத்தக்காரரும் சாகக் கிடக்கிறவையும்தான் உப்பிடிப் படுக்கிறது. கமக்காரன்ர பெடியன் படுத்துக் கிடக்கப் போயிட்டான் எண்டால் சிரிப்பாங்கள். நான் ஒரு மாதிரிச் சொல்லிக்கொள்ளுறன்.”

நீங்கள் தேத்தண்ணிக் கடையில் செல்லையா மாமாவிடம் சொன்னது “விண்வெளிப் பயிற்சிக்குப் பெடியனை எடுத்திருக்கினம்” என்பதுதான். அதில் பொய் இல்லை. ஆனால் ஊர் வாயில் அது அப்படியே நிற்குமா? கூட்டுறவுச் சங்கத்தைத் தாண்டும்போது பயிற்சி பயணமாகிவிட்டது. கோயிலடிக்கு வந்து சேரும்போது நான் மேலே போயே விட்டேன். பிள்ளையாருக்கு அம்மா என் பெயர் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார், பத்திரமாக இறங்கி வரவேண்டும் என்று. மேலே ஒரு நாளைக்குப் பதினாறு தரம் சூரியன் உதிக்குமாமே, அப்படியென்றால் எந்த உதயத்தைப் பார்த்து விரதம் பிடிப்பது என்று கோயிலில் பெண்கள் பெரிய வாக்குவாதமே நடத்தினார்களாம். கௌசி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

நானும் சிரித்தேன் அப்பா. அதுதான் என்னுடைய பங்கு. அம்மா அழைப்பில் வந்து, “என்ன மோனை, எப்ப பாத்தாலும் படுத்துக்கொண்டே கதைக்கிறாய்?” என்று கேட்டபோது நீங்கள் பக்கத்தில் இருந்து, “அங்க எல்லாரும் அப்பிடித்தான்” என்றீர்கள். வாயைத் திறந்து ஒரு சொல் சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தில் இருந்த அந்தக் கள்ளச் சிரிப்பும் அதற்குப் பின்னால் இருந்த பெருமையும் எனக்குப் பிடித்திருந்தன. என்னைப் பற்றி நீங்கள் பெருமைப்பட வேறு எப்போது இடம் கிடைத்தது?

விண்வெளிக்குப் புறப்படுகிறவர்களைப் பல விதமாகப் பழக்குவார்கள். பெரிய நீர்த்தொட்டிக்குள் அந்தக் கனத்த உடுப்போடு இறக்கி, தண்ணீருக்கடியில் ஆணி பூட்டப் பழக்குவார்கள். பெரிய சுழல் இயந்திரத்தில் வைத்துச் சுழற்றுவார்கள். இன்னொன்றும் செய்வார்களாம். ஆள் மேலே இருக்கும்போது வீட்டில் ஒரு சாவு நடந்தால் அதை உடனே சொல்வதா, திரும்பி வரும்வரை மறைப்பதா என்று போகுமுன்பே பேசி முடிவெடுப்பார்கள். எங்களிடமும் அதே கேள்வியைக் கேட்டார்கள். நம் ஊரில் என்றால் கேள்வியே இல்லை, மறைப்பதுதான் வழக்கம். சோதனை எழுதுகிற பிள்ளைக்கு, பிள்ளைத்தாச்சிக்கு, வெளிநாட்டில் விசா இல்லாமல் நிற்கிறவனுக்கு எத்தனை சாவுகளை நாம் மறைத்திருக்கிறோம்! நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, உடனே சொல்லுங்கள் என்றேன். அதைக் கேட்கத் துணிவு வேண்டும் என்று நினைத்தேன். கேட்ட பிறகு என்ன செய்வது என்று நினைக்கவில்லை.

அது இரண்டாவது மாதம். கௌசி எடுத்தாள்.

“அண்ணா, அப்பா போயிட்டார்” என்றாள். “வயலால வந்து கதிரையில இருந்தவர். தண்ணி கேட்டவர். நான் செம்பைக் கொண்டு வாறதுக்குள்ள...”

கொஞ்ச நேரம் இருவரும் அழுதோம். பிறகு அவளே தன்னைத் தேற்றிக்கொண்டு கேட்டாள். “நீங்கள் வருமட்டும் வைச்சிருக்கலாம் எண்டு எல்லாரும் சொல்லீனம். கிளிநொச்சியில இருந்து ஆக்கள் வந்து உடம்பு பழுதாகாமல் மருந்து ஏத்தித் தருவினம். எத்தினை நாள் வேணும் அண்ணா?”

பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டேன். செய்தி அறிந்து பொறுப்பு வைத்தியர் வந்தார். கட்டில் அருகே குனிந்து உட்கார்ந்து, “இப்போதே நிறுத்தலாம். கட்டிலை மட்டமாக்குகிறோம். ஒன்றிரண்டு நாள் நிற்கவும் நடக்கவும் பழகிவிட்டு விமானம் ஏறுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல மாட்டோம்” என்றார். நல்ல மனுசி. என் கண்ணை விட அவர் கண்தான் கூடக் கலங்கியிருந்தது. யோசிக்க விடுங்கள் என்றேன்.

என்ன யோசித்தேன் தெரியுமா அப்பா? உங்களைப் பற்றி இல்லை. இடையில் எழுந்தால் என் உடம்பில் இருந்து அதுவரை எடுத்த அளவுகள் பாதியில் நின்றுபோகும் என்று யோசித்தேன். நான் ஆசைப்பட்ட ஒன்றுக்குப் பக்கத்தில் போனது வாழ்க்கையில் இந்த ஒரு தடவைதான் என்று யோசித்தேன். அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். முகம் ஊதி, முதுகு நொந்து, சட்டிக்குள் மலம் கழித்துக்கொண்டு, சந்தோஷமாக இருந்தேன். கடைசியில் ஒரு நியாயம் தானாக வந்து நின்றது. அப்பா இனி எழும்பப் போவதில்லை, நான் எழும்பி என்ன பயன்? எவ்வளவு சுகமாக வந்தது அந்த நியாயம்!

கௌசியை அழைத்தேன். “வைச்சிருக்க வேண்டாம். என்னால வரேலாது. எரியுங்கோ” என்றேன்.

“வரவே ஏலாதோ?”

“ஏலாது கௌசி.”

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. மேலே இருந்து இடையில் இறங்க வழியில்லை என்று தானாகவே எடுத்துக்கொண்டாள். நானும் விட்டுவிட்டேன்.

சித்தப்பாவின் மகன் ரூபன் எனக்குப் பதிலாகக் கொள்ளிக்குடம் தூக்கினான். அவனுடைய சிநேகிதன் ஒருவன் கைபேசியைப் பிடித்துக்கொண்டு சுடலை வரை வந்தான். நான் தலை தாழவும் கால் உயரவும் கிடந்தபடி முகத்துக்கு மேலே கைபேசியைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பெற்ற தகப்பனைக் கொளுத்தும்போது படுத்திருந்து பார்த்த மகன் வேறு யாராவது இருக்கிறார்களா? விண்வெளியில் அழுதால் கண்ணீர் கீழே விழாதாம். கண்ணோடு குமிழாக ஒட்டி நிற்குமாம், துணியால் ஒற்றி எடுக்க வேண்டுமாம். எனக்கு அது நெற்றிப் பக்கம் ஓடி மயிருக்குள் போனது.

சிதை மூண்டது. செல்லையா மாமா கூட்டத்தை விட்டுக் கொஞ்சம் வெளியே வந்தார். உங்களோடு ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சி, வரம்புக்குச் சண்டை பிடித்து, அன்றைக்கே சேர்ந்து தேத்தண்ணீர் குடித்த மனிதர். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துவிட்டு வானத்தைப் பார்த்தார். கையை உயர்த்தினார். “பெடியன் மேல நிண்டு பாப்பான். நாங்கள் இருக்கிறம் எண்டு காட்டுங்கோடா” என்று சத்தம் போட்டார். ஒவ்வொருவராகச் சுடலையில் நின்ற எல்லோரும் அண்ணாந்து கையைக் காட்டினார்கள். ரூபன் மட்டும் குனிந்தபடி நின்றான். அவன் ஒருபோதும் நம்பவில்லை என்று நினைக்கிறேன்.

ஆட்டைத் திவசத்துக்கென்று இப்போது வந்து இறங்கியதில் இருந்து எனக்கு நடந்த உபசாரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கடையில் தேத்தண்ணீருக்குக் காசு வாங்கவில்லை. பள்ளிக்கூட அதிபர் வீட்டுக்கே வந்து, பிள்ளைகளுக்கு வந்து கதைக்க வேண்டும் என்று கேட்டார். அம்மா எனக்கு முன்னால் ஓம் என்றுவிட்டார். மறுக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, மேலே எப்படி வாழ்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வந்தால் போகிறது, யாரும் குறுக்குக் கேள்வி கேட்கப் போகிறார்களா என்று என்னை நானே சமாதானப்படுத்தினேன்.

போன கிழமை பள்ளிக்கூட மண்டபத்தில் மாலை போட்டார்கள். முன் வரிசையில் செல்லையா மாமா தோய்த்து மடித்த வேட்டியோடு இருந்தார். பின்னால் அம்மாவும் கௌசியும்.

நன்றாகத்தான் கதைத்தேன். மேலே கட்டில் இல்லை, சுவரில் கட்டிய பைக்குள் புகுந்து நின்றபடிதான் நித்திரை, நிற்பதும் கிடப்பதும் அங்கே ஒன்றுதான் என்றேன். பாண் சாப்பிட்டால் தூள் பறந்து இயந்திரத்துக்குள் போய்விடும், அதனால் தட்டை ரொட்டிதான் என்றேன். மூக்கு அடைத்து நாக்குக்கு ருசி தெரியாமல் போவதால் வெள்ளைக்காரன்கூட உறைப்புக் கேட்பான் என்றதும் கைதட்டினார்கள். குளிப்பு இல்லை, ஈரத் துணியால் துடைப்பதுதான். உடுப்புத் தோய்ப்பதும் இல்லை. வேர்வையையும் மூத்திரத்தையும் சுத்தம் செய்து திரும்பக் குடிப்பார்கள் என்றபோது மண்டபம் முழுக்க “சீ!” என்றது. எலும்பு கெடாமல் இருக்க நாள்தோறும் தங்களைப் பட்டிகளால் இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுவார்கள், அப்படி ஓடியும் திரும்பி வந்து இறங்கும்போது ஆள் பிடித்துத்தான் தூக்க வேண்டும் என்றேன். எல்லாம் உண்மை. ஒரு இடத்திலும் ‘நான்’ என்று சொல்லவில்லை.

ஒரு பிள்ளை எழுந்து, “அங்க இருந்து பாக்க எங்கட அக்கராயன் குளம் தெரிஞ்சதோ சேர்?” என்று கேட்டாள். அதற்கும் வழுக்கலாக ஒரு பதில் சொல்ல வாயெடுத்தேன். பெரிய குளங்கள் எல்லாம் தெரியும் பிள்ளை என்று.

அதற்குள் செல்லையா மாமா முன் வரிசையில் இருந்து கேட்டார். எழும்பவில்லை, இருந்தபடியே, மெதுவாகத்தான் கேட்டார்.

“உன்ர கொப்பரின்ர சிதைப் புகை தெரிஞ்சதோ தம்பி?”

அப்பா, அதற்கு நான் எப்படி ஓம் என்று சொல்வது?

“நான் போகேல்லை மாமா” என்றேன். “நான் விண்வெளிக்கே போகேல்லை. ஜெர்மனியில ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில் மாதிரி ஒண்டில ஆராய்ச்சிக்குப் படுத்திருந்தனான்.”

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப கொப்பர் எங்களைப் பேய்க்காட்டி ஏமாத்தினவரோ?” என்று கேட்டார்.

“இல்லை மாமா. அவர் பயிற்சி எண்டுதான் சொன்னவர். ஊர் கூட்டிச் சொன்னது. நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தனான்.”

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டார். “அப்ப நான் அண்டைக்கு ஆருக்கடா கையைக் காட்டினனான்?” என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அதிபர் அவசரமாக நன்றியுரைக்கு ஆளைக் கூப்பிட்டார்.

அன்றில் இருந்து மாமா நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. நீங்கள் போன பிறகும் தினமும் வந்து அம்மாவிடம் ஒரு வாய் தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறவராம். அதையும் நான் நிறுத்திவிட்டேன். உங்களுக்கு இருந்த ஒரே சிநேகிதனையே உங்கள் சொல்லைச் சந்தேகப்பட வைத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் மனம் இலேசாகும் என்று யார் சொன்னது?

வீட்டுக்கு வந்ததும் அம்மா குசினியில் அரிசி கழுவிக்கொண்டு நின்றார். நான் வாசலில் நின்றேன். திரும்பிப் பாராமலே கேட்டார்.

“அந்தக் கட்டிலில உன்னைக் கட்டி வைச்சவங்களோ?”

“இல்லை அம்மா.”

“கதவு பூட்டியிருந்ததோ?”

“இல்லை.”

“எழும்பினால் ஏதும் செய்திடுவாங்களோ?”

“இல்லை அம்மா. எழும்பிப் போகலாம் எண்டு அவையே சொன்னவை.”

தண்ணீரை வடித்து ஊற்றினார். இன்னொரு தரம் கழுவினார். “அப்ப நீயாத்தான் வராமல் விட்டனி” என்றார். அது கேள்வி இல்லை. நான் ஓம் என்றேன். அழுவார், ஏசுவார் என்று காத்து நின்றேன். “இரு, சோறு ஆகப்போகுது. சாப்பிட்டிட்டுப் போ” என்றார்.

அவர் ஏசியிருந்தால் நான் தப்பியிருப்பேன். மீண்டும் அப்படி ஒரு கட்டில் கிடைத்தால் படுப்பாயா என்று கேட்டிருந்தால்கூட ஏதாவது சொல்லியிருப்பேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதுவும் உங்களுக்குத் தெரியட்டும்.

இதை மலரில் போடட்டுமா என்று அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன், இந்த இடம் வரை. “போடு. நடந்ததுதானே” என்றார். பிறகு சின்னவளுக்குச் சோறு தீத்திக்கொண்டிருந்த கௌசியைப் பார்த்துச் சொன்னார். கோபம் இல்லை, குத்தலும் இல்லை. நாளைக்குச் சந்தையில் என்ன வாங்குவது என்று சொல்வது போலத்தான் சொன்னார்.

“எனக்கு ஏதுமெண்டால் ஒருத்தருக்காகவும் வைச்சிருக்காதை பிள்ளை. அண்டைக்கே எடுங்கோ. அண்ணாட்டைக் கேக்கவும் வேண்டாம். அவனைக் கரைச்சல்படுத்தக் கூடாது.”

அப்பா, அம்மாவின் சாவுக்கு ஓடி வருவேன் என்று உங்களிடம் சத்தியம் செய்ய எனக்கு வாய் வரவில்லை. அந்தச் சத்தியத்தைக் காப்பாற்ற அம்மா செத்தாக வேண்டும். அதனால் வேறொன்று சொல்கிறேன். நாளைக் காலை மாமா வீட்டுப் படலைக்குப் போய் நின்று திவசத்துக்குக் கூப்பிடுவேன், அவர் திறக்கிறவரை நிற்பேன். அடுத்த வெட்டுக்கு வந்து வயலில் இறங்குவேன். அதற்கடுத்த வெட்டுக்கும் வருவேன். அம்மா என்னைக் கூப்பிடப் போவதில்லை. கூப்பிடாமலே வருவேன், அவர் கதவைத் திறந்து “வந்திட்டியோ” என்று கேட்கக்கூடிய காலத்திலேயே வருவேன்.

இப்படிக்கு,
உங்களுக்குக் கொள்ளி வைக்காத
உங்கள் ஒரே மகன்